மிச்சம் நாளை என்று ஒரு வரி

பிலிபேர் ஷசால் லியோன் நகரில் பதினெட்டு வருஷம் ஒரு தினசரி நடத்தினார். மொத்தம் ஐயாயிரத்துச் சொச்சம் இதழ்கள். அத்தனையிலும் 'திருத்தம்' என்ற தலைப்பில் வந்தது ஒன்றே ஒன்று. அது கடைசி இதழில் வந்தது. வந்திருக்க வேண்டிய நாளுக்குப் பன்னிரண்டு வருஷம் பிந்தி வந்தது.

பத்திரிகைக்குப் பெயர் 'நடைபாலம்'. சோன் ஆற்றைக் கடக்கும் நடைபாலத்தின் முனையில் அலுவலகம் இருந்ததால் அந்தப் பெயர். வேறு பெயர் யோசிக்க அவருக்கு நேரமில்லை. நாலு பக்கம், மாலை நாலு மணிக்கு வெளியே வரும். அரசியல் எழுத அனுமதி இல்லாத பத்திரிகை. அதனால் நீதிமன்றச் செய்தி, நாடகம், பட்டு விலை, ஆற்றில் விழுந்தவர்கள் என்று நிரப்ப வேண்டும். முதல் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே தொடர்கதை. அந்த இடத்துக்குப் பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயர் கீழ்த்தளம்.

"மேல்மாடியில யாரு வேணா குடியிருக்கட்டும், வாடகை வர்றது கீழ்த்தளத்துலேருந்துதான்" என்பார் ஷசால்.

அவருடைய அப்பா ஆற்றில் பரிசல் ஓட்டியவர். ஷசால் இருபது வயதில் நீதிமன்ற வாசலில் நின்று செய்தி பொறுக்கத் தொடங்கினார். எங்கே நாலு பேர் கூடினாலும் ஐந்தாவது ஆளாக அங்கே போய் நிற்பார். சட்டைக் கைப்பட்டையில் பென்சிலால் குறித்துக்கொண்டே ஓடுவார். துணி வெளுப்பவளுக்கு அவருடைய கைப்பட்டைகளைப் படித்தே ஊர்க்கதை தெரிந்துவிடும். பத்திரிகை தொடங்கியபோது அவர் ஒரு விதி வைத்துக்கொண்டார்: திருத்தம் போடுவதில்லை.

ஒருமுறை தொப்பிக் கடைக்காரர் ஒருவர் ஆற்றில் மூழ்கிச் செத்துவிட்டார் என்று செய்தி வந்துவிட்டது. மறுநாள் அந்த ஆளே படியேறி வந்து மேசையைக் குத்தினார்.

"நான் உயிரோட நிக்கிறேன், பாத்தியா?"

"பாக்குறேன். கடையில கூட்டம் எப்படி?"

"செத்தவன் மூஞ்சியப் பாக்கணும்னு காலையிலேருந்து தெருவே வந்து நிக்குது."

"தொப்பி வித்துச்சா?"

கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். "வித்துச்சு."

"அப்புறம் என்னய்யா குத்தறே மேசையை?"

இந்தக் கதையை ஷசால் வருஷக்கணக்கில் சொல்லிச் சிரித்தார். 1867க்குப் பிறகு சொல்லவில்லை.

வியாழன்தோறும் பத்திரிகை வெளியே போனதும் ரோஸே அம்மாவின் சாப்பாட்டுக் கடையில் அவருடைய வட்டம் கூடும். சமையலறைக் கதவுக்குப் பக்கத்து மேசை அவர்களுடையது. அடிக்கண்ணாடி தடித்த ஒயின் குப்பி, ஆற்றுமீன் கொழுக்கட்டை, வெந்நீரில் வெந்த தொத்திறைச்சி. ஷசால் தலைமாட்டில் உட்காருவார். நாடக விமரிசனம் எழுதும் மரியுஸ் தார்தி அவருக்கு வலப்பக்கம். ஒரு நடிகையை ஒரே வரியில் ஊரை விட்டுத் துரத்தக்கூடியவன். பத்திரப்பதிவு எழுத்தரான வாஷே இடப்பக்கம். சொத்துப் பத்திரத் தாளின் பின்பக்கத்தில் கவிதை எழுதுகிறவன். எதிரே காசிமிர் பெஸ்ஸோன்.

காசிமிர் பட்டு எடை அலுவலகத்தில் வேலை பார்த்தார். நூலில் எவ்வளவு ஈரம் என்று பார்த்துச் சீட்டுக் கொடுப்பது அவர் வேலை. ஷசாலோடு ஒரே பள்ளியில் படித்தவர், ஒரே படித்துறையில் நீச்சல் பழகியவர். ஷசாலை 'பிலி' என்று கூப்பிட உலகத்தில் இருந்தது அவர் ஒருவர்தான்.

சாப்பிட்டு முடிந்ததும் வட்டத்தில் ஒரு விளையாட்டு நடக்கும். அதற்கு 'வால்' என்று பெயர். ஒருவர் ஒரு கதையைத் தொடங்கிப் பாதி வாக்கியத்தில் நிறுத்துவார். அடுத்தவர் அதன் வாலைப் பிடித்து இன்னொரு பாதிக்கு இழுத்துப் போவார். தார்தி கையில் கிடைத்தால் எந்தப் பாதிரியாரும் குளியலறையில்தான் போய் முடிவார். காசிமிரின் முறை வந்தால் மட்டும் விளையாட்டு படுத்துவிடும்.

"அவ சன்னலைச் சாத்தினா" என்பார்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான். சாத்திட்டா."

"கட்டையில போறவனே, உங்கிட்ட வாலைக் கொடுத்தா ஆட்டையே அறுத்துடறே!" என்று தார்தி தலையில் அடித்துக்கொள்வான். காசிமிர் சிரித்துக்கொண்டே ரொட்டியைப் பிய்ப்பார்.

இந்த மனிதர்தான் 1866 குளிர்காலத்தில் 'ஃபான்ஷெத்தின் விளக்கு' என்ற தொடர்கதையை எழுத ஆரம்பித்தார். ஃபான்ஷெத், நகரின் நெசவாளர்கள் வாழும் குன்றின் மேல் ஒரு மூன்றாம் மாடியில் தறி நெய்கிறவள். புருஷன் படையோடு மெக்ஸிகோ போயிருக்கிறான். தகவல் இல்லை. தினம் பொழுது சாய்ந்ததும் அவள் விளக்கேற்றிச் சன்னலில் வைப்பாள். கதையில் பெரிதாக எதுவும் நடக்காது. வாடகை கேட்டு வீட்டுக்காரன் வருவான், நூல் அறும், பக்கத்து வீட்டில் குழந்தை பிறக்கும். ஆனால் நாலே கால் மணிக்குக் குன்றின் மேல் தறிச்சத்தம் நின்றுவிடும். தறிக்கூடத்துக்கு ஒருவர் படிக்கத் தெரிந்தவர் இருப்பார். அவரைச் சுற்றி மற்றவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். மெக்ஸிகோவிலிருந்து படைகள் கப்பலேறுகின்றன என்று ஊரில் பேச்சு. 'நடைபாலம்' அதைப் பற்றி ஒரு வரி எழுத முடியாது. மேல்மாடியில் இல்லாத செய்தியைச் சனங்கள் கீழ்த்தளத்தில் தேடினார்கள்.

1867 மார்ச் 14, வியாழக்கிழமை. முற்பகலில் காசிமிர் அலுவலகத்துக்கு வந்தார். தார்தி மேசைமேல் உட்கார்ந்து, முந்தைய நாள் நாடகத்தில் ஒரு பாடகனின் பொய்மயிர் மெழுகுவத்தியில் பற்றிக்கொண்ட கதையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். காசிமிர் தாள்களை நீட்டினார்.

"முடிச்சுட்டேன், பிலி."

"சபாஷ். வை அங்க. டேய் தார்தி, அப்புறம் பொய்மயிரு என்னாச்சு?"

"நாளைக் காலையில ஆர்தேஷ் போறேன். நூல் ஆலைங்களைப் பாத்துட்டு வரச் சொல்லியிருக்காங்க. ரெண்டு வாரம் ஆவும்."

"போய்ட்டு வா, போய்ட்டு வா. குளிருக்குப் போத்திக்க."

"கடைசிப் பக்கத்தை நீயே ஒரு தடவ படிச்சுப் பாரு."

"படிக்கிறேன்டா. எந்தப் பக்கத்தை நான் படிக்காம விட்டிருக்கேன்?"

காசிமிர் கொஞ்ச நேரம் நின்றார். தார்தி, பாடகன் தலையில் வயலின்காரர் தண்ணீர் ஊற்றிய இடத்துக்கு வந்திருந்தான். ஷசால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது வாசலில் ஆள் இல்லை.

தொடர்கதைக்குக் கீழே தினமும் வரும் 'மிச்சம் நாளை' என்ற வரியை யாரும் தினமும் புதிதாக அச்செழுத்தில் கோப்பதில்லை. ஒருமுறை கோத்துக் கட்டி வைத்தது அப்படியே கல்மேசையில் கிடக்கும். அன்றன்றைய கதைக்கு அடியில் அதை எடுத்து வைப்பார்கள். கதை முடிகிற நாளில் மட்டும் அதை எடுத்துவிட்டு 'முற்றும்' வைக்க வேண்டும். அன்று அச்சுக்கூடத்து மேஸ்திரி க்ளோதியுஸ் அந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் நின்றார். ஷசால் தொப்பியோடு இறங்கிக்கொண்டிருந்தார். கள்ளநோட்டு வழக்கில் தீர்ப்பு சொல்லும் நேரம்.

"முதலாளி, பெஸ்ஸோன் ஒரு நாளைக்குத்தான் கொடுத்திருக்காரு. இதோட முடியுதா? இதை எடுத்துடட்டுமா?"

ஷசால் ஈரம் காயாத அச்சுத்தாளை வாங்கிக் கடைசி நாலு வரியை மட்டும் பார்த்தார். யாரோ கதவைத் தட்டுகிறார்கள். ஃபான்ஷெத் தறி நாடாவைக் கீழே வைக்கிறாள். விளக்கை எடுத்துக்கொண்டு எழுந்து போகிறாள்.

"தட்டுனது யாருன்னே சொல்லலயே, இதுல எங்கய்யா முடியுது? ரெண்டு வாரத்துக்கு முடிச்சுட்டேன்னு சொன்னான். பாக்கியை வீட்டுலேருந்து அனுப்புவான். இருக்கட்டும் அந்த வரி."

இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிவரை பாக்கி வரவில்லை. குன்றின் மேலிருந்த காசிமிர் வீட்டுக்கு ஆள் போனான். அவருடைய அம்மா மட்டும் இருந்தாள். மகன் விடியற்காலை ரயிலுக்கே போய்விட்டானாம், தாள் எதுவும் வைத்துவிட்டுப் போகவில்லையாம். அப்போதுதான் ஷசாலுக்கு அந்த வார்த்தை மறுபடி காதில் விழுந்தது. முடிச்சுட்டேன், பிலி. ரெண்டு வாரத்துக்கு என்று காசிமிர் சொல்லவில்லை. அதை அவராகச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

காசிமிர் கொடுத்த கையெழுத்துத் தாள்களை எடுத்து முழுவதும் படித்தார். அது முடிவுதான். வேறு எப்படியும் படிக்க முடியாது.

அதற்குள் படிக்கட்டில் ஆள் ஏறத் தொடங்கியிருந்தது. குன்றிலிருந்து இறங்கி வந்தவர்கள், சாயங்காலம்வரை பொறுக்க மாட்டாதவர்கள். பால்காரி, சுமை தூக்குகிறவர்கள், தறிக்காரர்கள்.

"யாருங்க தட்டுனது? அதை மட்டும் சொல்லிடுங்க, போயிடறோம்."

"வீட்டுக்காரன்தான்யா. வாடகைக்கு வந்திருப்பான்."

"உன் புத்தி உன்னை விட்டு எங்க போவும்?"

முன்னால் ஒரு பெண் நின்றாள். இடுப்புத் துணியில் பட்டு இழைகள் ஒட்டியிருந்தன.

"ஐயா, எம் புருஷனும் மெக்ஸிகோவுலதான், வெராக்ரூஸ் துறைமுகத்துல இருக்கான். கப்பல் ஏத்தறாங்கன்னு சொல்றாங்க, ஏத்தலன்னும் சொல்றாங்க. உங்க பேப்பர்ல அதெல்லாம் வராது, தெரியும். கதையிலயாச்சும் சொல்லுங்க."

ஷசால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தார். தார்தியும் வாஷேயும் வந்திருந்தார்கள். க்ளோதியுஸ் கையைத் துடைத்தபடி ஓரமாக நின்றார்.

"ஒரு வரி போட்டாப் போதும் முதலாளி. கதை நேத்தோட முடிஞ்சுது, கீழ இருந்த வரி எங்க தப்புன்னு."

"ஊரே சிரிக்கும். எதிர்த்த தெருப் பத்திரிகைக்காரன் அதை முதல் பக்கத்துல எடுத்துப் போடுவான். ஷசாலுக்குத் தன் பேப்பர்ல கதை எப்ப முடிஞ்சுதுன்னே தெரியலம்பான்."

"தெரியலதானே" என்றான் வாஷே.

"நீ வாயை மூடு."

தார்தி தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான். "எதுக்கு அடிச்சுக்கறீங்க? வாலு தொங்குது. பிடிப்போம். வியாழக்கிழமை சோத்துக்கு அப்புறம் பண்றதை வெள்ளிக்கிழமை பண்றோம், அவ்வளவுதானே?"

"காசிமிர் பேர்ல?"

"அவன் வர்றதுக்குள்ள முடிச்சுடலாம். வந்ததும் ஒரு குப்பி வாங்கிக் கொடுப்போம். அவனும்தான் சிரிப்பான்."

ஷசால் சன்னல் வழியாகப் பார்த்தார். கூட்டம் படிக்கட்டை நிறைத்து நடைபாலம்வரை நின்றது. அவருடைய வாழ்க்கையில் அவர் கூட்டத்தைத் தேடித்தான் போயிருக்கிறார். அவரைத் தேடி ஒரு கூட்டம் வந்தது அன்றுதான். "எழுதுங்கடா" என்றார்.

கதவைத் திறந்ததும் புருஷன் நின்றான். அது ஷசால் போட்டது. அவன் தோளில் ஒரு பச்சைக்கிளி, அது தார்தி. கிளிக்கு ஸ்பானிஷ் மொழியில் மட்டும் பேச வரும், அதைக் கேட்டு ஃபான்ஷெத் மயங்கி விழுவாள், அது வாஷே. மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டு எழுதினார்கள். க்ளோதியுஸ் தாள்களை வாங்கிக் கோக்கப் போனார். அடியில் காசிமிர் பெஸ்ஸோன் என்ற பெயர் வந்தது. அதற்கும் அடியில் மிச்சம் நாளை.

அன்று மாலை புருஷன் உள்ளே நுழைந்த இடத்தில் தறிக்கூடங்களில் கைதட்டினார்களாம். பத்திரிகை எட்டாயிரம் பிரதிக்குப் போனது. புருஷன் தினம் ஒரு பெட்டியைத் திறந்தான். ஒன்றில் வெள்ளிக் காசு, ஒன்றில் சால்வை. கிளி மெதுவாகப் பிரெஞ்சு கற்றுக்கொண்டது.

காசிமிர் ரெண்டு வாரம் ஆகுமுன்பே திரும்பினார். மாலை இதழ் வெளியே போய் அலுவலகம் காலியாக இருந்த நேரம். கோட்டில் பயணப் புழுதி. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"ஆர்தேஷ்ல, ஒபனாவுல, ஆலைப் பொண்ணுங்க உன் பேப்பரைப் படிச்சுட்டு இருந்தாங்க. என் பேர் போட்டிருந்துது. என்னமோ கிளின்னு இருந்துது."

"தார்தி பண்ணினது" என்றார் ஷசால் அவசரமாக. "காசிமிர், கேளு. 'முடிச்சுட்டேன்'னு நீ சொன்னதை நான் வேற மாதிரி எடுத்துக்கிட்டேன். மறுநாள் பாத்தா கூட்டம், படியெல்லாம் ஆளு. நீயும் ஊர்ல இல்ல. எனக்கு வேற வழி தெரியல."

"தட்டுனது யாரு, பிலி?"

"என்னது?"

"கதவைத் தட்டுனது யாருன்னு கேக்குறேன். நீங்க மூணு பேரும் கண்டுபிடிச்சுட்டீங்களே."

ஷசால் மேசைமேலிருந்த அச்சுத்தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"எனக்குத் தெரியாது. ஃப்ளூரி செவாஸ்தபோல் போனான். அது ஞாபகம் இருக்கா உனக்கு?"

ஷசாலுக்கு ஞாபகம் வந்தது. காசிமிரின் தம்பி. படித்துறையில் இவர்களுக்குப் பின்னாலேயே ஓடி வருவான். கிரிமியா போரில் காணாமல் போனவர் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

"பன்னிரண்டு வருஷமா எங்கம்மா கதவு தட்டுற சத்தம் கேட்டா எழுந்து போறா. பால்காரிதான், தெரியும். தெரிஞ்சும் போறா. நான் அந்தக் கதை பூரா எழுதினது அந்த ஒரு இடத்துக்காகத்தான். அவ எழுந்து போறா. அதுக்கு மேல எனக்குத் தெரியாது. தெரியாததை நான் எழுத மாட்டேன்."

"அது எனக்குத் தெரியாமப் போச்சுடா."

"எதிர்வீட்டு நெசவுக்காரி அம்மாவுக்குத் தினம் படிச்சுக் காட்டறா. கதை யாரைப் பத்தின்னு அம்மாவுக்கு முதல் நாளே தெரியும். அவன் திரும்பி வந்துட்டான்னு படிச்சிருக்கா. கீழே என் பேர். நான் ஊர்ல இல்ல. நேத்து ராத்திரி வீட்டுக்குள்ள நுழையறேன், மேசையில ஃப்ளூரிக்குன்னு ஒரு தட்டு அதிகமா இருக்கு. 'அவன் எப்படா வர்றான்? உனக்குத் தகவல் வந்திருக்கு, என்கிட்ட மறைக்கிறே'ங்கறா. நான் எழுதலம்மான்னேன். 'அச்சுல உம் பேருதானே இருக்கு'ங்கறா."

வெளியே நடைபாலத்தில் யாரோ விசிலடித்துக்கொண்டு போனார்கள்.

"எனக்குப் பணம் வேணாம், சண்டை வேணாம்" என்றார் காசிமிர். "ஒரு வரி போடு. பதினாலாம் தேதியோட கதை முடிஞ்சுது, மீதி நான் எழுதலன்னு. அவ நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா. பேப்பர்ல வந்தா நம்புவா."

கேட்டது அவ்வளவுதான். ஷசால் 'சரி' என்று சொல்ல வாயைத் திறந்தார். எட்டாயிரம் பிரதி கண்முன் வந்தது. எதிர்த்த தெருக்காரனின் சிரிப்பு வந்தது. கதை நடுவில் நிற்கிறது. மிச்சமெல்லாம் பொய் என்று இன்றைக்குச் சொன்னால் நாளைக்கு யார் வாங்குவார்கள்?

"ஞாயித்துக்கிழமை முடிச்சுடறோம், காசிமிர். முடிச்ச கையோட நல்லா, மரியாதையா ஒரு குறிப்பு போட்டுடறேன். மூணு நாள்தானே."

"நாளைக்குப் போடேன்."

"நாளைக்கு வேணாம்டா. புரிஞ்சுக்க. ஞாயித்துக்கிழமை."

காசிமிர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"சரிங்க, ஷசால் ஐயா. உங்க சௌகரியம் போலச் செய்யுங்க."

முப்பது வருஷப் பழக்கத்தில் முதல் 'ங்க'. ஷசால் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தார். படியில் காலடிச் சத்தம் இறங்கிப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கதை முடிந்தது. ஃபான்ஷெத்துக்கு ஆண் குழந்தை பிறக்கும் என்ற இடத்தில், கொட்டை எழுத்தில் 'முற்றும்' என்று ஷசாலே நின்று வைக்கச் சொன்னார். குறிப்பு மட்டும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை இதழில் நெருக்கடி. திங்களன்று வேஸ் பகுதியில் ஒரு கொதிகலன் வெடித்தது. செவ்வாயன்று புதிய தொடர்கதைக்கு விளம்பரம் போக வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு யாரும் ஃபான்ஷெத்தைப் பற்றிக் கேட்கவில்லை. மறந்துபோன ஒன்றை எதற்குக் கிளறுவது என்று பட்டது. தினசரிப் பத்திரிகையில் ஒரு வரிக்கு இடம் இல்லாத நாள் என்று ஒன்று கிடையாது. அது ஷசாலுக்கு நன்றாகத் தெரியும்.

வெராக்ரூஸைப் பற்றிக் கேட்ட பெண் மறுபடி வரவே இல்லை. அவள் புருஷன் வந்தானா என்று ஷசாலுக்குத் தெரியாது. ஊரில் எல்லாவற்றையும் விசாரித்து எழுதியவர் அதை மட்டும் விசாரிக்கவில்லை.

நவம்பரில் காசிமிரின் அம்மா இறந்தாள். ஷசால் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். மழைத் தூறல். காசிமிர் எல்லோருக்கும் கை கொடுத்ததுபோல் அவருக்கும் கொடுத்து, "வந்ததுக்கு நன்றிங்க" என்றார். வாசலில் எதிர்வீட்டு நெசவுக்காரி நின்றாள். அவளுக்கு ஷசால் யார் என்று தெரியும். ஆனால் பேச்சில் கோபம் இல்லை.

"கடைசிவரைக்கும் அந்தத் தட்டை எடுக்க விடலீங்க. நாங்க சொல்லாம இல்ல. 'அச்சடிச்சு வந்திருக்கே, அவங்க படிச்சவங்க, இல்லாததையா போடுவாங்க'ன்னு எங்களைத் திட்டும். நல்ல மனுஷி."

அன்று வியாழக்கிழமை. ஷசால் ரோஸே அம்மாவின் கடைக்குப் போனார். மீன் கொழுக்கட்டை வந்தது. தார்தி ஒரு கதையைத் தொடங்கிப் பாதியில் நிறுத்தி, வாலை அவரிடம் நீட்டினான். "எனக்கு வரல" என்றார். அதன்பின் அந்த விளையாட்டு அந்த மேசையில் நடக்கவில்லை.

வட்டம் ஒரேயடியாக உடையவில்லை, தேய்ந்தது. ஜெர்மானியரோடு போர் வந்தபோது பத்திரிகை ஒரே தாளாகச் சுருங்கியது. போர் முடிந்து தார்தி பாரிஸ் போனான். வாஷே சொந்தமாகப் பத்திரப்பதிவு அலுவலகம் வைத்தான். தான் கவிதை எழுதியதை வெளியில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். ரோஸே அம்மா நாலு தட்டு வைத்த மேசையில் ஒரு தட்டு வைக்கத் தொடங்கி, ஒருநாள் "அந்தச் சன்னலோரம் உக்காருங்கய்யா, இந்த மேசைக்கு ஆளு நிறைய வந்திருக்காங்க" என்றாள்.

காசிமிர் அதே ஊரில்தான் இருந்தார். தினம் காலை எட்டு மணிக்கு முன்னால் நடைபாலத்தைக் கடந்து பட்டு எடை அலுவலகத்துக்குப் போவார். ஷசால் எதிரே வருவார். இருவரும் தொப்பியைத் தூக்குவார்கள். "வணக்கங்க" என்பார் காசிமிர். முகத்தில் வெறுப்பு இருக்காது. வெறுப்பு இருந்திருந்தால் சண்டை போட்டுச் சரி செய்திருக்கலாம் என்று ஷசாலுக்குத் தோன்றும். பாலத்தின் பாதியில் நிறுத்தி, பேசிவிட வேண்டும் என்று ஒவ்வொரு பனிக்காலத் தொடக்கத்திலும் நினைப்பார். என்ன பேசுவது? போட வேண்டிய வரியைப் போடாமல் வாயால் சொல்லி என்ன? போட்டாலும் இனி யார் படித்துக் காட்ட, யார் கேட்க?

காசிமிர் அதன்பின் எழுதவில்லை. ஒரு புத்தகக் கடைக்காரர் 'ஃபான்ஷெத்தின் விளக்கு' கதையைக் கிளியோடு சேர்த்துப் புத்தகமாகப் போட ஆசைப்பட்டு அவரிடம் போனாராம். "நீங்க சொல்ற கதையை நான் எழுதலீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். கடைக்காரர் இதை ஒரு வேடிக்கைபோல ஷசாலிடம் வந்து சொன்னார்.

1879இல் 'நடைபாலம்' நின்றது. பெரிய இயந்திரங்களில் அடித்து ஒரு சூ காசுக்கு விற்ற தாள்கள் ரயிலில் வந்து இறங்கத் தொடங்கியபிறகு, ஆற்றோரத்து நாலு பக்கத்தை யார் வாங்குவார்கள்? அக்டோபரில் கடைசி இதழ். கீழ்த்தளத்தில் போடத் தொடர்கதை இல்லை. ஷசால் அதற்கு ஒரு தாள் எழுதிக் க்ளோதியுஸிடம் கொடுத்தார். க்ளோதியுஸுக்கு இப்போது கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாது. தாளைச் சன்னலருகே கொண்டுபோய்ப் படித்தார்.

'திருத்தம். இந்தப் பத்திரிகையில் காசிமிர் பெஸ்ஸோன் எழுதிய ஃபான்ஷெத்தின் விளக்கு 1867 மார்ச் 14 இதழோடு முடிந்தது. அதன்பின் அவர் பெயரில் வந்த பகுதிகளை அவர் எழுதவில்லை. கதவைத் தட்டியது யார் என்று எங்களுக்குத் தெரியாது. பிழை ஆசிரியருடையது.'

க்ளோதியுஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுக்குக் கீழ 'மிச்சம் நாளை' வேணாமில்ல, முதலாளி?"

"வேணாம்."

"கேட்டு வச்சேன். ஒருதடவ கேட்டும் பிரயோசனமில்லாமப் போச்சே, அதான்."

மறுநாள் காலை ஷசால் ஒரு பிரதியை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு பாலத்தின் நடுவில் போய் நின்றார். ஆற்றில் மூடுபனி. காசிமிர் வந்தார், தலை முழுக்க நரைத்திருந்தது. தொப்பியைத் தூக்கினார். ஷசால் தொப்பியைத் தூக்காமல் பத்திரிகையை நீட்டினார்.

காசிமிர் கம்பிப் பிடியில் சாய்ந்துகொண்டு படித்தார். சின்னப் பத்திதான். ஆனாலும் இரண்டு முறை படித்ததுபோல நேரமானது. ஷசால் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரே ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. 'பிலி' என்று வேண்டாம். ஒரு 'நீ' போதும். ஏன்டா இவ்வளவு நாள் என்று திட்டினாலும் போதும்.

"நல்லா போட்டிருக்கீங்க" என்றார் காசிமிர். "தேதிகூடச் சரியா இருக்கு."

"காசிமிர்…"

"அம்மா இருந்திருந்தா படிச்சுக் காட்டியிருப்பேங்க."

பத்திரிகையை மடித்தார். திருப்பிக் கொடுக்கவில்லை; உள்பையில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்து ஷசாலுக்குத் துணிச்சல் வந்தது.

"வியாழக்கிழமை ரோஸே அம்மா கடைக்கு வாயேன். நாம ரெண்டு பேரு மட்டும். சன்னலோர மேசை. அவ இன்னும் அந்தக் கொழுக்கட்டை பண்றா."

காசிமிர் ஆற்றைப் பார்த்தார். அவர்கள் நீந்திய படித்துறை பனியில் தெரியவில்லை.

"வியாழக்கிழமை எடைக் கணக்கு முடிக்கிற நாளுங்க" என்றார். "லேட்டாயிடும். நீங்க குளிர்ல நிக்காதீங்க."

தொப்பியைத் தூக்கிவிட்டுப் பாலத்தின் மறுமுனைக்கு நடந்தார். எட்டு மணி அடிக்க இன்னும் கொஞ்சம் இருந்தது. அவர் ஒருநாளும் தாமதமாகப் போனதில்லை.

திங்கட்கிழமை 'நடைபால'த்தின் பழைய எழுத்துகள் எல்லாம் உருக்குவதற்காக எடைக்குப் போயின. அச்சுப்பொறியை வில்ஃபிராஞ்ஷ் என்ற ஊரில் ஒயின் குப்பிகளுக்கு ஒட்டுச்சீட்டு அடிக்கிறவர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார்.